சரிவுப் பலகை வைத்த ஆம்னி

ஜமால் முகம்மதுவின் வீட்டுப் பின்வாசலில் விலைக்கு நின்ற அந்த ஆம்னி வேனைப் பார்த்ததுமே சோலையம்மாளுக்குச் சந்தேகம் தட்டியது. குறை ஏதும் கண்ணில் பட்டதால் அல்ல, படாததால்தான். நல்லது எதுவும் இத்தனை லேசாக அவள் கைக்கு வந்ததில்லை.

விருதுநகரில் மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருப்பவர் ஜமால் முகம்மது. பக்கவாதத்தில் விழுந்த தன் தகப்பனாருக்காக மதுரைப் பட்டறை ஒன்றில் விட்டு வண்டியை மாற்றியிருந்தார். பின்சீட்டைக் கழற்றிவிட்டு, தரையில் இரண்டு இரும்புச் சட்டம் பதித்து, அதில் ஓடும்படி ஓர் இரும்புப் பலகை. பின்கதவைத் தூக்கி, பலகையை வெளியே இழுத்துச் சரித்தால் சக்கர நாற்காலி அப்படியே உருண்டு ஏறும். போன வருடம் மே மாதம் அத்தா தவறிவிட்டார். இதைப் போல இன்னொரு வண்டி அந்த வட்டாரத்தில் இருப்பதாக யாரும் சொல்லிக் கேட்டதில்லை.

சோலையம்மாளின் மகள் மாரிசெல்விக்குப் பதினெட்டு வயது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. விருதுநகர்க் காலேஜில் பி.காம். இடம் கிடைத்துவிட்டது, வருகிற புதன்கிழமை வகுப்பு தொடங்குகிறது. எம். புதுப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் தூக்கி ஏற்ற அப்பா முனியசாமியின் முதுகு தாங்காது. வண்டி அமைந்தால் காலேஜ், இல்லாவிட்டால் வீட்டுச் சுவர்தான். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை, மூன்று பேருக்கும் தெரியும்.

முனியசாமி கம்பெனி லோடு வேன் ஓட்டுகிறவர். உலகத்து வண்டி எல்லாம் தன்னிடம் கேட்டுக்கொண்டுதான் ஓடுகிறது என்பது அவர் நினைப்பு. நாலு டயரையும் உதைத்தார், இன்ஜினை உறுமவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்டார். "வண்டி சுத்தம்" என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்.

"பிள்ளைய ஏத்திப் பாத்துருங்க" என்றார் ஜமால் முகம்மது.

பலகையை இழுத்தபோது கிறீச்சென்று ஒரு சத்தம். மாரிசெல்வியை உருட்டி ஏற்றிவிட்டுப் பலகையை உள்ளே தள்ளியபோது மறுபடியும் அதே சத்தம். மாரிசெல்வி ஜன்னலோரமாக உட்கார்ந்து, ஏற்கெனவே காலேஜ் போகிற வழியில் ஆமத்தூரைத் தாண்டிப் போய்க்கொண்டிருப்பவள் மாதிரி வெளியே பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும் சோலையம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

நாற்காலியின் சக்கரத்தைப் பூட்ட அவளும் உள்ளே ஏறிக் குனிந்தாள். ரப்பர் விரிப்பின் ஓரம் மடங்கியிருந்தது. அதை நீவிவிட்ட விரல் வெள்ளியாக மினுங்கியது. இரண்டு விரலால் தேய்த்தாள். வழுவழுவென்று வழுக்கியது. மோந்து பார்த்தாள். கந்தகம்.

பட்டாசுக் கம்பெனியில் பத்து வருடம் வெடிமருந்து ரூமில் கிடந்த விரல் அது. யாரிடமும் கேட்க வேண்டியதில்லை. சட்டத்தின் பள்ளத்தில் நீளத்துக்கும் அந்தப் பொடி படிந்திருந்தது. இரும்போடு இரும்பு உரச, இந்தப் பலகையை ஒரு தடவை இழுத்து, ஒரு தடவை தள்ளியிருக்கிறார்கள். ஒரு பொறி விழுந்திருந்தால் போதும்.

"இறக்கிருவமா?" என்று முனியசாமி பலகையில் கை வைத்தார்.

"அதத் தொடாதீக." அவள் குரல் உயரவில்லை, தணிந்தது. "செருப்பக் கழத்துங்க. கையால தூக்குங்க அவள."

அந்தக் குரல் அவருக்குத் தெரியும். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினார். அவர் தோளைப் பிடிக்க, ஜமால் முகம்மது காலைப் பிடிக்க, மாரிசெல்வியை மூச்சுக் காட்டாமல் தூக்கி வேப்பமரத்தடிக்குக் கொண்டுபோனார்கள்; நாற்காலியையும் உருட்டாமல் தூக்கி இறக்கி, அதில் உட்கார வைத்தார்கள்.

சோலையம்மாள் விரலை நீட்டினாள். "பாய், இதுல என்ன ஏத்துனீக?"

அவர் முகம் செத்துப்போனது. "நான் ஏத்தலம்மா. தீவாளி சீசன்ல தெரிஞ்சவரு ஒருத்தரு ஆர்டர் அவசரம்னு ரெண்டு நாளைக்குக் கேட்டாரு. என்ன லோடுன்னு நான் கேக்கல." கொஞ்சம் நிறுத்தினார். "அதுக்கப்புறம் எம் பேரப்பிள்ளைக இதுலதான் பள்ளிக்கூடம் போச்சு." அப்படியே துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார்.

நாலு வருடத்துக்கு முன்னால், முழுப்பரீட்சை லீவில், சும்மா இருக்கிற பிள்ளை நாலு காசு பார்க்கட்டும் என்று மாரிசெல்வியைக் கம்பெனிக்குக் கூட்டிப்போனவள் சோலையம்மாள்தான். அடுத்த ரூம் வெடித்துச் சுவர் சாய்ந்தபோது மகள் அடியில் இருந்தாள், தாய் குடத்தோடு குழாயடியில் நின்றாள். அன்றிலிருந்து அவள் ஒரு நாள்கூட நிம்மதியாகத் தூங்கியதில்லை. இன்றைக்கும் ஏற்றிவிட்டது அதே தாய்தான்.

"இந்த வண்டிய உடைக்கப் போட்டுருதேன். நீங்க கெளம்புங்க" என்றார் ஜமால் முகம்மது.

"அப்ப புதன்கிழம?" என்றாள் மாரிசெல்வி. யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

சோலையம்மாள் சேலையை வரிந்து கட்டினாள். "தண்ணி எம்புட்டு இருக்கு, பாய்?"

தொட்டி நிறைய இருந்தது. முதலில் குழாயை வைத்து வண்டிக்குள் வெள்ளமாக ஓடவிட்டாள். அரைகுறையாக நனைந்த மருந்து காய்ந்த மருந்தைவிட மோசம், தானாகவே சூடேறும். விரிப்பை வெளியே எடுத்தாள். சட்டப் பள்ளத்தைக் கந்தல் துணியால், இடுக்கைக் கோழி இறகால் வழித்தாள். வழித்ததை எல்லாம் குழி தோண்டித் தண்ணீரோடு புதைத்தாள். வேலை முடிந்து மருந்து ரூமைக் கழுவுவது போலத்தான் கழுவினாள், ஆனால் ஏழு தடவை. முனியசாமி வாளி சுமந்தார். மதிய வெயிலில் வண்டி காய்ந்தது.

விரலை விட்டுப் பார்த்தாள். ஒன்றும் மினுங்கவில்லை. ஆனாலும் மனசு ஒப்பவில்லை. பட்டறைக்காரன் சட்டத்துக்கு அடியில் என்ன இடுக்கு வைத்திருக்கிறானோ, யார் கண்டது.

செருப்பைக் கழற்றிவிட்டு வண்டிக்குள் ஏறி, பலகையை ஒட்டிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"வெளிய நின்னு பலகைய இழுங்க" என்றாள் புருஷனிடம். "வேகமா."

"கிறுக்கா உனக்கு? இறங்கு முதல்ல."

"இழுங்கன்னா இழுங்க. இல்லன்னா நானே இழுப்பேன்."

"அப்பா, வேணாம்" என்றாள் மரத்தடியிலிருந்து மாரிசெல்வி. முனியசாமி பலகையைப் பிடித்தார். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தார். கிறீச்சென்றது. தள்ளினார். மறுபடி இழுத்தார். சோலையம்மாள் கண்ணை மூடவேயில்லை, பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு பொறிகூட இல்லை.

இறங்கி வந்து நாற்காலியைப் பிடித்தாள். "வா தாயி, ஏறு."

மாரிசெல்வி அவள் மணிக்கட்டைப் பற்றிக்கொண்டாள்.

"வெடிச்சிருந்தா, நீ போயிருப்ப. என்னைய யாரும்மா தூக்கிக் குளிக்க வச்சிருப்பா?"

அத்தனை இடுக்கையும் யோசித்த சோலையம்மாளுக்கு அந்த ஒன்று தோன்றவேயில்லை.

"இனிமே எதுல ஏறுனாலும் ரெண்டு பேரும் சேந்துதான் ஏறணும்" என்றாள் மகள். பிடித்த கையை விடாமலே பலகையில் ஏறினாள்.