பக்கத்து வீட்டுக்குப் போகும் புகை

இரும்பு ஆலையின் வெளிநாட்டு மேனேஜர் தன் நாட்டுக்கே திரும்பும்போது, அங்கே வேலை பார்க்கும் தேசப்பனுக்கு ஒரு பெட்டி வெளிநாட்டுச் சுருட்டு கொடுத்துவிட்டுப் போனார். கும்மிடிப்பூண்டியில் ஒரு லைன் வீட்டில் தேசப்பன் தனியாக இருந்தார். ஷிப்ட் முடிந்து குளித்ததும் கதவை அகலத் திறந்துவைத்து ஒன்றைப் பற்றவைப்பார். பாழாய்ப்போன சுருட்டு, தொண்டையை அறுக்கும். ஆனால் கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு சோனியா வாசலில் வந்து நிற்பாள்.

"இன்னா நைனா, ஊடெல்லாம் நாறுது! எதுனா துன்னியா, இல்ல வெறும் பொகதானா?"

வீட்டுக்கு வந்தபின் அவர் காதில் விழும் பேச்சு அவ்வளவுதான்.

இன்று அவள் வரவில்லை. பாதி எரிந்ததும் அவரே அவள் வாசலுக்குப் போய், "நாத்தம் வரலியாம்மா?" என்று கேட்டார்.

"பழகிப்போச்சி நைனா. நீ நிம்மதியா குடி," என்று சொல்லிவிட்டு சோனியா டிவி பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தேசப்பன் வந்து சுருட்டை அணைத்தார். பெட்டியில் இன்னும் நிறைய இருந்தது.