ரேவதி நட்சத்திரத்துக்கு ஒரு காசோலை

புரட்டாசி பிறந்துவிட்டது, வானம்தான் இன்னும் விடியவில்லை. கடலுக்கு அப்பால் எரியும் காடுகளின் புகை மேல்காற்றில் ஏறிவந்து கிள்ளான் பள்ளத்தாக்கின்மீது படுத்துக் கிடந்தது. காலைக் கதிரவன் துலக்காத செப்புத் தட்டைப்போல் எழுந்து, கண் கூசாமல் பார்க்கத்தக்கதாய் நடுவானம்வரை ஊர்ந்து, சுடர் காட்டாமலே மறைந்தது. கோபுரங்களின் பன்னிறமும் ஒரே சாம்பல் நிறத்துள் ஒடுங்கிற்று. பறவைகளும் குரலடக்கின. சனிக்கிழமை விரதமிருந்தோர் தமக்கென்று கேட்பதை மறந்து மழையைக் கேட்டார்கள். கார்காலத்தில் திரும்புவேன் என்று சொல்லிப் பிரிந்தவனை எண்ணியிருந்த பழம்பாடல் மகளிரைப்போல, ஊர் முழுவதும் வானத்தை நோக்கியிருந்தது.

கிள்ளானில் உஷாராணி தன் வீட்டுச் சன்னல் இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகி வைத்திருந்தாள். அவள் மகள் லோஷினிக்கு ஏழு வயது. இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை தொடங்கி ஐந்து மாதங்கள் ஆகியிருந்தன. குழந்தையின் உடற்சூடு முப்பத்தெட்டு பாகை செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரத்துக்குள் கோலாலம்பூர் மருத்துவமனைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும் என்பது மருத்துவர் விதித்த விதி. சென்ற மாதம் ஒரு மாலை அந்தச் சூடு தாண்டியது. கூட்டரசு நெடுஞ்சாலையில் வண்டிகள் அசையாமல் நின்றன. போய்ச் சேர ஒரு மணி ஐம்பது நிமிடம் ஆயிற்று. மூன்று நாள் தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து குழந்தை மீண்டது. இன்னொரு முறை இவ்வளவு தாமதமானால் தம்மால் எந்த உறுதியும் சொல்ல இயலாது என்று மருத்துவர் கூறிவிட்டார்.

ஆகவே மருத்துவமனைக்கு அருகில் ஓர் அறை வேண்டும். அரசு மருத்துவமனை சிகிச்சைக்கு வாங்குவது சிறுதொகைதான். அருகில் இருப்பதற்கே பெரும்பணம் வேண்டியிருந்தது. மகளோடு இருப்பதற்காக உஷாராணி கையுறைத் தொழிற்சாலை வேலையை விட்டிருந்தாள். துறைமுகத்தில் கொள்கலன் லோரி ஓட்டும் கணவன் யுகேந்திரனின் சம்பளம் கிள்ளான் வீட்டுச் செலவைத் தாண்டி வரவில்லை.

கோலாலம்பூரின் பிரிக்பீல்ட்ஸ் பகுதியில் உள்ள ஆலயம் ஒன்று, புற்றுநோய் கண்ட பிள்ளைகளின் குடும்பங்களுக்கு ஆறு மாத அறை வாடகை தருவதாகக் கேள்விப்பட்டு, அந்தச் சனிக்கிழமை அவள் அங்கே போனாள். அன்னதானம் முடிந்து வாழையிலைகளை அள்ளிக்கொண்டிருந்த நேரம். செயலாளர் தம்புசாமி, இரயில்வேயில் பணியாற்றி ஓய்வுபெற்றவர், அவள் தாள்களை ஒவ்வொன்றாகப் பார்த்துத் தலையசைத்தார்.

"ஃபாரம் எல்லாம் ஓகேலா. ஆஸ்பத்திரி லெட்டர் இருக்கு, ஐசி கார்டு இருக்கு. நவராத்திரி முதல் நாள் பிள்ளையக் கூட்டிட்டு வந்துடும்மா. மேடையில பெரிய அட்டையில மாதிரிக் காசோலை குடுப்போம். ஒரே நிமிஷம்."

"கூட்டத்துக்கு அவ வரக்கூடாது அங்கிள். டாக்டர் விடமாட்டாங்க."

"அப்ப ஒரு போட்டோ குடு. பெருசாக்கி மேடையில வெச்சிடுறோம். பேப்பர்லயும் வரும்."

உஷாராணி தாள்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அன்று காலைதான் லோஷினி அவள் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கியிருந்தாள். 'என் மொட்டைத் தலைய யாருக்கும் காட்டாதம்மா. நான் திரும்ப ஸ்கூலுக்குப் போவணும்ல.'

அதை அவள் சொன்னதும் தம்புசாமி கண்ணாடியைக் கழற்றினார்.

"முன்ன எடுத்தது இருக்குமே? முடியோட?"

"முகம் அதே முகந்தானே அங்கிள்."

"நான் என்னம்மா பண்றது? மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு குடும்பத்துக்குப் படம் போடாமக் குடுத்தோம். காசு எங்க போச்சுன்னு வாட்சாப்ல என் தலைய உருட்டிட்டாங்க. பிள்ளை முகத்தப் பாத்தாத்தான் ஜனங்க நம்புறாங்க. நம்பலன்னா அடுத்த பிள்ளைக்கு யாரு குடுப்பா?"

அவர் சொன்னதில் பொய்யில்லை. உஷாராணி தாள்களை அடுக்கிக்கொண்டு, "அப்போ வேணாம் அங்கிள்" என்று எழுந்தாள். எழுந்தவள் ஓரடி வைத்து நின்றாள். வேண்டாம் என்றது மகளுக்குக் கொடுத்த சொல். வேண்டும் என்றது மகளின் உயிர்.

சில்லறை மாற்ற வந்த வீரம்மா வாசலிலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அர்ச்சனைச் சீட்டு எழுதும் முகப்பில் இருபது ஆண்டுகளாக உட்கார்ந்திருப்பவள்.

"பிள்ளைக்கு என்ன நட்சத்திரம்?"

"ரேவதி, அக்கா."

"அது போதுமே, செயலாளரே. அம்மாளுக்கு அர்ச்சனை பண்றவங்க போட்டோவா காட்டுறாங்க? பேரு, நட்சத்திரம். பேரு தெரியாட்டி வெறும் நட்சத்திரம். நான் எழுதுறேன், குருக்கள் சாமி சொல்றாரு, அவளுக்குப் போய்ச் சேருது."

"நட்சத்திரத்துக்கு நான் காசோலை எழுதுனா பேங்க்ல என்னைய உள்ள தள்ளிடுவாங்க!"

"பேங்க் செக்குல பேர எழுதுங்க. அட்டை செக்குல நட்சத்திரத்த எழுதுங்க. அந்த அட்டைய எந்த பேங்க்ல போடப் போறீங்க? போன வருஷத்து அட்டை ஸ்டோர்ல நாற்காலிக்கு முட்டுக் குடுத்திருக்கு."

தம்புசாமி சிரிப்பை அடக்கப் பார்த்தார், முடியவில்லை. பிறகு கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார்.

"திட்டு வாங்கப்போறது நான்" என்றார் கடைசியில். "சரி, வாங்கிக்கிறேன். நீ அறையப் பாரும்மா."

நவராத்திரி முதல் நாள் மாலை லோஷினிக்கு வார்டில் மருந்து ஏறிக்கொண்டிருந்தது. ஆலயத்தின் முகநூல் நேரலையைத் தாயும் மகளும் ஒரு கைப்பேசியில் பார்த்தார்கள். தம்புசாமி தம் உயரமளவு நீளமிருந்த அட்டையைத் தனியாகத் தூக்கிக்கொண்டு மேடையேறினார். 'ரேவதி நட்சத்திரம்' என்று அதில் பெரிதாய் எழுதியிருந்தது.

"பிள்ளை எங்க?" கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"பிள்ளை மருந்துல இருக்கு" என்றார் தம்புசாமி. "அது முகத்த நான் காட்டமாட்டேன். அது குணமாகி ஸ்கூலுக்குப் போகப்போற பிள்ளை. சந்தேகம் இருக்கிறவங்க ஆபீசுக்கு வாங்க, பேர மறைச்சு ஆஸ்பத்திரி லெட்டரக் காட்டுறேன்."

"நட்சத்திரத்துக்கு இன்கம் டேக்ஸ் உண்டா, அங்கிள்?" என்றான் ஒருவன். மண்டபம் சிரித்தது. சிரிப்பு அடங்கிய பின்னும் எவரும் எழுந்து போகவில்லை. முன்வரிசையில் ஒருவர் கைதட்டத் தொடங்க, அது பின்வரிசைவரை பரவியது.

லோஷினி திரையை உற்றுப் பார்த்தாள். "அம்மா, அந்த செக்கு என்னைவிடப் பெருசு" என்றாள். அந்த மாதத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தது அன்றுதான்.

மறுநாள் நாளிதழ் ஒன்றின் உட்பக்கத்தில் செய்தி வந்தது. எழுதியவர் அவசரத்தில் இருந்திருக்க வேண்டும். 'ரேவதி எனும் சிறுமிக்கு ஆலயம் உதவிக்கரம்' என்று தலைப்பு; நட்சத்திரமும் ரேவதி என்றே உள்ளே இருந்தது. தம்புசாமி திருத்தம் கேட்கக் கைப்பேசியை எடுத்தபோது, "விடுங்க, இன்னும் நல்லா மறைஞ்சிருச்சு" என்று வீரம்மா தடுத்துவிட்டாள்.

வாரக்கடைசியில் அவர்கள் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மாடி அறைக்கு மாறினார்கள். ஒரு கட்டில், ஒரு மின்னடுப்பு, இரயில் போகும்போது அதிரும் ஒரு சன்னல். வந்த பதினோராம் நாள், பிற்பகல் மூன்று மணிக்கு, வெப்பமானி முப்பத்தெட்டு புள்ளி நான்கு காட்டியது. மூன்றேகால் மணிக்கு லோஷினி மருத்துவமனைப் படுக்கையில் இருந்தாள். துறைமுகத்தில் வரிசையில் நின்றிருந்த யுகேந்திரன் தொலைபேசியில் "எங்க மாட்டிக்கிட்டீங்க?" என்று பதறினான். "எங்கயும் மாட்டலங்க. வந்துட்டோம். மருந்து ஏறுது" என்றாள் உஷாராணி. சொன்ன பிறகுதான் அவளுக்கு அழுகை வந்தது. இம்முறை தீவிர சிகிச்சைப் பிரிவு தேவைப்படவில்லை.

கார்த்திகை முதல் வெள்ளியன்று பரிசோதனை முடிவு வந்தது. நோய் அடங்கிவருகிறது, மருந்தைத் தொடரலாம் என்றார் மருத்துவர். மகளைக் கணவனிடம் விட்டு, உஷாராணி மாலையில் ஆலயத்துக்கு நடந்தாள். கருவறை முன் சிறு வரிசை இருந்தது. அவளுக்கு முன்னால் பேரங்காடிச் சீருடையோடு ஒரு பெண்மணி அர்ச்சனைத் தட்டை நீட்டினாள்.

"பேரு?" என்றார் குருக்கள்.

"ரேவதி."

"நட்சத்திரம்?"

"அதுவும் ரேவதிதான் சாமி. எனக்கு உறவில்ல. பேப்பர்ல போட்டிருந்துச்சே, அந்தப் பிள்ளை."

குருக்கள் முறுவலித்தார். "இன்னிக்கு மட்டும் அந்தப் பிள்ளைக்கு இது நாலாவது அர்ச்சனைம்மா."

அவர் உள்ளே திரும்பிப் பெயரையும் நட்சத்திரத்தையும் சொல்லித் தொடங்கினார். உஷாராணி கண்களை மூடினாள். குவித்த கைகளை நெஞ்சோடு அழுத்தியபடி, மலர் விழும் மெல்லிய ஓசையை ஒவ்வொன்றாய்க் கேட்டு நின்றாள்.

தட்டோடு திரும்பிய பெண்மணி குங்குமத்தை அவளிடம் நீட்டினாள். உஷாராணி ஒரு சிட்டிகை எடுத்துத் தாளில் மடித்துக்கொண்டாள்.

"வீட்ல பிள்ளைக்கா?"

"ஆமாக்கா. ஒரே பொண்ணு."

அந்தப் பெண்மணி குங்குமம் படிந்த கையை அவள் தலைமேல் வைத்தாள்.

"உங்க பொண்ணும் அந்த ரேவதியும், ரெண்டு பேரும் நோய் நொடி இல்லாம நூறு வயசு நல்லா இருக்கணும்."