ஐந்து நாள் விடுப்பு

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் அவளுக்கு ‘ஓவர்டைம் அக்கா’ என்று பெயர். ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு ஆள் வேண்டுமென்று சூப்பர்வைசர் வாயைத் திறப்பதற்குள் அவள் கை மேலே போயிருக்கும். மகளைக் கல்லூரியில் சேர்க்க வேண்டுமே! வருஷம் முழுக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு படுக்கை விரிப்புகளை இஸ்திரி இயந்திரத்துக்குள் தள்ளினாள்.

மகளுக்கு இடம் கிடைத்தது. உதவித்தொகைக்கு மனு எழுத உட்கார்ந்தபோதுதான் வில்லங்கம் தெரிந்தது.

“அம்மா, வருஷ வருமானத்துக்கு ஒரு வரம்பு இருக்காம். இந்த மாசக் கடைசி வரைக்கும் சேர்த்துப் பார்த்தா நமக்கு அஞ்சு நாள் சம்பளம் கூடுது.”

“கூடினா நல்லதுதானேடி?”

“கூடினா ஒண்ணுமே கிடைக்காதும்மா.”

அவள் விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். உதவித்தொகை வந்தால் நாலு வருஷமும் கட்டணமே கிடையாது. வராவிட்டால், அவள் சேர்த்ததெல்லாம் முதல் ஆறு மாதத்துக்கே காணாது. கூடுதலாக உழைத்த பாவத்துக்கு இப்படியொரு தண்டனையை எந்த மகராசன் உட்கார்ந்து யோசித்தானோ!

மறுநாளே சம்பளமில்லாமல் ஐந்து நாள் விடுப்பு கேட்டாள். சூப்பர்வைசர் அரண்டு போனார்.

“நீங்களா? உடம்புக்கு என்னக்கா?”

“இடுப்பு வலி, தம்பி.”

சம்பளத்தைக் குறைத்துக்கொள்ளத்தான் வந்தேன் என்று சொல்ல மானம் இடம் கொடுக்கவில்லை.

வீட்டில் அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள். “சும்மா இருக்கறதுக்கு உனக்கு ட்யூஷன்தான் வைக்கணும்” என்று மகள் சிரித்தாள். அவளும் சிரித்து வைத்தாள். மனசு என்னவோ அந்த வரம்பிலேயே கிடந்தது.

ஐந்தாம் நாள் காலையில் போன் வந்தது.

“அக்கா, ரெண்டு பேர் வரலை. ஆபரேஷன் தியேட்டருக்கு ஒரு விரிப்புகூட இல்லை. கொஞ்சம் வந்துட்டுப் போங்கக்கா.”

போகாதே என்றது மனசு. ஆனால் விரிப்புக்காக யாரோ ஒரு நோயாளி காத்துக் கிடப்பது கண்முன்னே வந்து நின்றது. போனாள்.

“கார்டு அடிக்க மாட்டேன் தம்பி. இன்னைக்கு நான் வரவே இல்லைன்னு வெச்சுக்கங்க. சம்பளம் வேண்டவே வேண்டாம்.”

சூப்பர்வைசருக்குக் கண் கலங்கிவிட்டது. மாலை வரை அவள் இயந்திரத்தை விட்டு நகரவில்லை. ஒரு நாள் உழைப்பை இனாமாகக் கொடுத்துவிட்டு அவ்வளவு நிம்மதியாக யாரும் வீடு திரும்பியிருக்க மாட்டார்கள்.

மாதக் கடைசியில் மருத்துவமனை அலுவலகத்துக்குச் சம்பளச் சான்றிதழ் வாங்கப் போனாள். மனு கொடுக்க அன்றுதான் கடைசி நாள். மற்ற காகிதங்களோடு மகள் வாசலில் நின்றாள். சூப்பர்வைசரே முகமெல்லாம் பல்லாகச் சான்றிதழை நீட்டினார்.

“நல்லாப் பாருங்கக்கா. மேலே வரைக்கும் பேசி அந்த ஒரு நாளையும் சேர்க்க வெச்சுட்டேன். அதுவும் ரெட்டைச் சம்பளம்! நீங்க வேண்டாம்னா நான் விட்டுடுவேனா?”

தொகையைப் பார்த்தாள். வரம்பைத் தாண்டியிருந்தது. “ரொம்ப நன்றி தம்பி” என்று வாய் தன்பாட்டில் சொன்னது. கை மட்டும் காகிதத்தை அவரிடமே திருப்பி நீட்டியது.

“அந்த ஒரு நாளை எடுத்துட முடியுமா?”

“கையெழுத்தாகி முத்திரையும் வெச்சாச்சே!” அவள் பெருந்தன்மையை நினைத்து அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார்.

வாசலிலிருந்து மகள் எட்டிப் பார்த்து, ஆச்சா என்று சைகையில் கேட்டாள். அவள் மகளைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

“தம்பி, எனக்கு இடுப்பு வலியே இல்லை” என்று ஆரம்பித்தாள்.