வாடகை முக்காடு

ஜூன் மாதம் பள்ளி திறந்த முதல் நாளே நஸீஹாவின் தலைத்துணியைக் கழற்றச் சொன்னவர் கிருஷ்ணவேணி டீச்சர்தான். மேலிடத்து உத்தரவு. யூனிஃபாரம் என்றால் எல்லோரும் ஒன்றுபோல் இருக்க வேண்டுமாம். கடையநல்லூரிலிருந்து வந்த அந்தப் பெண் மறுபேச்சு இல்லாமல் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள். ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால்கூட டீச்சருக்கு இத்தனை நாள் உறுத்தியிருக்காது.

ஒன்றுபோல் இருக்கச் சொன்ன அதே பள்ளி, ஆகஸ்ட் பதினைந்துக்கு 'வேற்றுமையில் ஒற்றுமை' என்று மேடை போட்டது. சீட்டுக் குலுக்கியதில் நஸீஹாவுக்குக் கேரளப் பெண் வேஷம். ஓட்டல் மாஸ்டர் வேல்சாமியின் மகள் அனுஷாவுக்கு முஸ்லிம் பெண் வேஷம். பழவங்காடி வேஷத்துணிக் கடையில் வாடகைக்கு எடுத்த முக்காடு அனுஷாவின் தலையில் நிற்பேனா என்றது. டீச்சர் ஐந்தாறு ஊக்கு குத்தியும் வழுக்கி வழுக்கி விழுந்தது.

"நான் குத்தித் தாரேன் டீச்சர்" என்று கசவுப் பாவாடையோடு வந்த நஸீஹா, இரண்டே மடிப்பில், ஒற்றை ஊக்கில் அதை நிறுத்திவிட்டாள்.

"இவ்வளவு நல்லா வருதே மக்ளே. இந்த வேஷத்த நீயே மாத்திக் கேட்டிருக்கலாம்லா?"

நஸீஹா நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கேலி இல்லை. உண்மையாகவே தெரியாமல்தான் கேட்டாள்.

"வேஷம்னா போடலாமா டீச்சர்?"