ஈறில் போட்ட ஒட்டு

கிழிந்த துணிக்கு ஒட்டுப் போடுவதுதான் அவளுக்குப் பிழைப்பு. ஒட்டு எங்கே இருக்கிறதென்று உடுத்துகிறவருக்கே தெரியக்கூடாது என்பதில் அவள் படு கறார். அப்படிப்பட்டவள் தன் வாயில் போட்டிருக்கும் ஒட்டைக் கண்ணாடியில் பார்த்தால் வயிறு எரியாமல் என்ன செய்யும்?

கோரைப்பல் ஒன்றில் ஈறு மேலே ஏறிப்போய் வேர் மஞ்சளாகத் தெரிந்தது. நாலு பேர் நடுவே சிரிக்கக் கூச்சம். வாய்விட்டுச் சிரிக்க வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை. அண்ணத்திலிருந்து சதையெடுத்து ஈறில் வைத்துத் தைத்தார் டாக்டர். பதினைந்து நாள் அண்ணம் எரிய எரிய ஆறின பாலைக் குடித்தே காலம் தள்ளினாள். மூன்று மாதம் கழித்துப் பார்த்தால், சிவந்த ஈறுக்கு நடுவே வெளிறித் தடித்து ஒரு துண்டு. பல்லை மறைத்த காலம் போய் ஈறை மறைக்கும் காலம் வந்துவிட்டது.

"கஸ்டமர் பேன்ட்டுல இப்படி ஒட்டுப் போட்டுக் குடுத்தா மூஞ்சியிலயே வீசிட்டுப் போவாங்க" என்று கணவனிடம் பொருமிவிட்டுத்தான் அன்றைக்குப் பரிசோதனைக்கு வந்திருந்தாள்.

உதவிக்கு நின்ற பெண் பிளாஸ்டிக் கொக்கியால் அவள் உதடுகளை இருபுறமும் இழுத்துப் பிடித்தாள். டாக்டர் ஈறை அளந்தார், போட்டோ எடுத்தார். "ஓகேவாக்கா?" என்றாள் அந்தப் பெண். வலியைத் தாங்க முடிகிறதா என்று கேட்கிறாள் போலிருக்கிறது என நினைத்து இவள் தலையாட்டினாள்.

கொக்கியைக் கழற்றியதும் டாக்டர் ஃபைலைப் பார்த்துச் சொன்னார்: "வேர் முழுசா மூடிடுச்சும்மா. உங்க திருப்திக்கும் பத்துக்குப் பத்து."

"யாரைக் கேட்டுப் போட்டீங்க?"

"இப்பத்தானேக்கா தலையாட்டினீங்க?" என்றாள் அந்தப் பெண். "எல்லாருக்கும் கொக்கியோடயே கேட்டு முடிச்சிடுவோம். அப்பத்தான் அடுத்த ஆளைக் கூப்பிட முடியும்."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "வாயைக் கட்டிப் போட்டுட்டுக் குறை இருக்கான்னு கேட்டா யாரும்மா சொல்லுவா?"

"அண்ணத்துச் சதை நிறம் கொஞ்சம் வேறயாத்தான்மா இருக்கும்" என்றார் டாக்டர். "தடிப்பை வேணா பின்னால சீவிக்கலாம்."

"அதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே!"

"வேரை மூடத்தானே வந்தீங்க?"

"சிரிக்கிறதுக்கு வந்தேன் டாக்டர்."

டாக்டர் ஃபைலைப் புரட்டினார். அதில் சிரிப்புக்குக் கட்டம் எதுவும் இல்லை. அவள் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, பத்தை அடித்துவிட்டு இரண்டு என்று எழுதினாள்.

"இது எங்க ரெக்கார்டும்மா!"

"வாய் என்னோடது."

விறுவிறுவென்று வெளியே வந்தாள். வரவேற்பு மேசையில் ஒரு இளம்பெண் சம்மதப் படிவத்தை வைத்துக்கொண்டு யோசித்துக்கொண்டிருந்தாள். "ஈறு ஆபரேஷன் பண்ணினா வித்தியாசமாத் தெரியாதுல்ல?" என்று அவள் கேட்க, மேசைக்காரர் கொஞ்சமும் தயங்கவில்லை. "இதுவரைக்கும் ஒருத்தர்கூடக் குறை சொன்னதில்லைங்க. எல்லாருமே பத்துக்குப் பத்து!"

இவள் அந்த இளம்பெண்ணின் எதிரே போய் நின்றாள். உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் பார்க்க, மேலுதட்டை விரலால் தூக்கிக் காட்டினாள்.

"நல்லாப் பாத்துட்டு அப்புறம் கையெழுத்துப் போடு கண்ணு."