ஆஷ்லின் தேடிய செம்புத் தகடு

விஸ்வநத்தம் கிராமத்து ஆஷ்லின் விமானப் பராமரிப்புப் படிப்பில் கடைசிச் செய்முறைத் தேர்வு வரை வந்துவிட்டாள். தேறினால் வேலை, இல்லையென்றால் பழையபடி பட்டாசு ஆலை. நான் அவளுடைய பெரியப்பா. பொய் சொல்லும் பழக்கம் எனக்கில்லை.

விமானத்தின் எரிபொருள் தொட்டியைத் திறக்கச் சொன்னார்கள். இவள் ஷூவைக் கழற்றி வாசலில் விட்டாள். இரண்டு வருடம் ஆலையின் வெடிமருந்து அறைக்குள் வெறுங்காலோடு போன பழக்கம்.

"என்னக்கா, பிளேனச் சாமி கும்பிடப் போறீகளா?" என்றான் கூடப் படிக்கும் செந்தூர்பாண்டி.

"ஷூ போடாவிட்டால் ஃபெயில்," என்றார் தேர்வாளர்.

போட்டுக்கொண்டு, செம்புத் தகட்டைத் தேடினாள். ஆலையில் அதைத் தொட்டு உடம்பில் சேர்ந்த மின்சாரத்தைத் தரையில் இறக்கிவிட்டுத்தான் மருந்தில் கை வைப்பார்கள். இங்கே தகடு இல்லை. விமானத்தைத் தரையோடு இணைக்கும் கம்பி மட்டும் மாட்டப்படாமல் சுருண்டு கிடந்தது.

"இத மாட்டாமத் தொறக்க மாட்டேன் சார். எங்கூர்ல அப்படி மருந்தத் தொட்டவுக பரீட்சைக்கு வாரதில்ல."

தேர்வாளர் அதைக் கழற்றி வைத்ததே சோதிக்கத்தான். முன்னால் போன பதினோரு பேரும் நேரே திறந்திருந்தார்கள். எரிபொருள் ஆவிகூட இல்லாமல் கழுவிக் காயவைத்த தொட்டி என்பதால் பிழைத்தார்கள். ஆஷ்லின் தேறினாள்.

இப்போதெல்லாம் அவள் கம்பி மாட்டாவிட்டால் விமானங்களே மூடியைத் திறக்க விடுவதில்லை. சந்தேகப்படுபவர்கள் போய்ப் பார்க்கலாம். உள்ளேதான் விடமாட்டார்கள்.