வெள்ளிக் கோளின் இரண்டு வயர்கள்

எங்கள் அறிவியல் கூடத்தில் ‘தெரியாது’ என்ற சொல்லுக்குத் தடை. பலகைகளில் எழுதக் கூடாது, பார்க்க வருகிறவர்களிடம் சொல்லவும் கூடாது. சட்டம் போட்டவர் இயக்குநர். குடிநீர் வாரியத்தில் இருபது வருடம் குப்பை கொட்டிவிட்டு வந்தவருக்குக் கோள்களைப் பற்றி எல்லாமே தெரியும்.

நான் அங்கே எலக்ட்ரீஷியன். பதினொரு வருடமாகத் தற்காலிகம். என்னை நிரந்தரமாக்கும் கோப்பு அவர் மேஜையில் ஒரு கையெழுத்துக்காகத் தவம் கிடந்தது. புதுக் கூடத்தின் திறப்பு விழா நல்லபடியாக முடிந்தால் போடுவதாகச் சொல்லியிருந்தார்.

புதுக் கூடத்தில் நான்கு பாறைக் கோள்களைக் கூரையிலிருந்து தொங்கவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன மோட்டார் வைத்திருந்தேன். மூன்று ஒரு பக்கம் சுற்றின, வெள்ளி மட்டும் எதிர்ப்பக்கம். அதன் குணமே அப்படித்தான் என்று எனக்குச் சொன்னவள், பள்ளியில் அறிவியல் எடுக்கும் என் மனைவி. ஈயம் உருகும் சூடு, அமில மேகம், தன்னைத்தானே ஒருமுறை சுற்ற இருநூற்று நாற்பத்துமூன்று நாள். நான் அதை ஒரு நிமிடமாகச் சுருக்கியிருந்தேன். ஏன் இப்படித் திரும்பிக்கொண்டது என்று உறுதியாக எவருக்கும் தெரியாதாம். வீட்டைவிட்டுக் கோபித்துக்கொண்டு போன தங்கச்சியைப் பற்றிப் பேசுவது போல அவள் இதையெல்லாம் பேசுவாள்.

விழாவுக்கு முந்தின நாள் இயக்குநர் வெள்ளிக்குக் கீழே வந்து நின்றார். வயரை மாற்றிக் கொடுத்துவிட்டாயா என்று கேட்டார். அது அப்படித்தான் சுற்றும் என்றேன். ஏன் என்றார். வாய் தவறி அந்தத் தடை செய்யப்பட்ட சொல்லைச் சொல்லிவிட்டேன்.

“காரணம் தெரியாததை எதுக்குப்பா தொங்கவிடணும்? திறந்துவைக்க வர்ற வாரியத் தலைவர் கேட்டா நான் முழிக்கிறதா? மத்த மூணும் ஒழுங்கா சுத்துதுல்ல, இதையும் அப்படியே சுத்த வை. உன் ஃபைலை நாளைக்கு சாயங்காலம் பாக்குறேன்.”

ஏணியில் ஏறினேன். சிவப்பு வயர் இருந்த இடத்தில் கறுப்பு, கறுப்பு இருந்த இடத்தில் சிவப்பு. கோடிக்கணக்கான வருடங்களாக யாருக்கும் அடங்காத கோளை இரண்டு நிமிடத்தில் வழிக்குக் கொண்டுவந்துவிட்டேன். வீட்டில் இதைப் பற்றி வாயே திறக்கவில்லை. வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலையில் என் மனைவி நாற்பது பிள்ளைகளோடு கூடத்தில் வந்து நின்றாள். விழாவுக்கு அழைக்கப்பட்டது அவள் வகுப்பு. அவளும் வீட்டில் வாய் திறக்கவில்லை. எனக்கு ஆச்சரியம் கொடுக்கிறாளாம். நான்கில் ஒன்று மட்டும் எதிர்ப்பக்கம் சுற்றும், எதுவென்று கண்டுபிடியுங்கள் என்று ஒரு வாரமாகப் பிள்ளைகளிடம் சொல்லிவைத்திருக்கிறாள். பிள்ளைகள் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தார்கள். நான்கும் சமத்தாக ஒரே பக்கம் சுற்றின. முதலில் ஒருவன் திரும்பி அவளைப் பார்த்தான், பிறகு எல்லோரும் பார்த்தார்கள். அவள் என்னைப் பார்த்தாள்.

“பிள்ளைங்ககிட்ட நான் பொய் சொன்னேனா?” என்றாள் மெதுவாக.

வாசலில் தலைவரின் கார் வந்து நின்றது. நான் ஏணியை இழுத்தேன். இயக்குநர் அவரை அழைத்துக்கொண்டு உள்ளே வந்தபோது நான் உச்சியில், கையில் இரண்டு வயர்களோடு இருந்தேன். வெள்ளி நின்றது, கொஞ்சம் தயங்கியது, எதிர்ப்பக்கம் புறப்பட்டது. பிள்ளைகள் கைதட்டினார்கள்.

இது மட்டும் ஏன் இப்படி என்று தலைவர் கேட்டார். இயக்குநரின் முகம் வெள்ளியைவிடச் சூடாக இருந்தது. ஆனால் இருபது வருட அனுபவம் என்ன சும்மாவா?

“அதுதான் சார் மர்மம். இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் உறுதியா தெரியாது. தெரியாததைத் தெரியாதுன்னு சொல்றதுதான் சார் எங்க கூடத்தோட கொள்கை.”

தலைவர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். அந்த நேர்மைக்காக அவருக்கு ஒரு பாராட்டுப் பத்திரம் வந்தது. அதை மாட்ட ஆணி அடித்தவன் நான்தான். எனக்கும் ஒரு கடிதம் வந்தது, அனுமதியின்றி ஒரு கோளின் சுழற்சியை மாற்றியதற்கு விளக்கம் கேட்டு. மாற்றவில்லை, இருந்தபடி திருப்பிவைத்தேன் என்று என் மனைவி பதில் எழுதிக் கொடுத்தாள். நான் கையெழுத்துப் போட்டேன்.

கோப்பு இன்னும் அவர் மேஜையில்தான் இருக்கிறது. வருத்தமில்லை என்று சொன்னால் அது பொய். எப்போது நிரந்தரமாகும் என்று மாமியார் வாராவாரம் கேட்கிறார். கூடத்தின் புதுக் கொள்கைப்படி, தெரியாது என்று சொல்கிறேன்.